ரெங்கநாயகி, விசில் வந்துடுச்சா?

அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாமா டீச்சர்? இல்லை, வேணாம், இருங்க. இந்த விளம்பரம் முடியட்டும்.

கேட்டீங்களா? 'பங்கஜம்! ஏ பங்கஜம்! விசில் வந்துடுச்சா?' 'இன்னும் வரலியே, அத்தை!' அப்புறம் டொய்ங்குன்னு ஒரு சத்தம். துறையூர்ல பஸ் கிளம்பினதிலிருந்து இது மூணாவது தடவை. இன்னும் புலிவலம்கூட வரலை.

டீச்சர்தானே நீங்க? மடியில பேப்பர் கட்டு இருக்கவும் டீச்சர்னு நினைச்சேன். பேங்க்கா? சரி டீச்சர், இப்படித் தள்ளி உட்காருங்க, வெயில் உங்க பக்கம் அடிக்குது.

இந்த மாதிரி விளம்பரத்தால யாருக்காவது பிரயோஜனம் உண்டான்னு சந்தேகம் வந்தா, என்கிட்ட வரச் சொல்லுங்க. ஒரு பிரயோஜனமும் கிடையாது. கடுகளவுகூடக் கிடையாது. அனுபவிச்சவ சொல்றேன். ஏன்னா, அந்த விளம்பரத்துல முதல்ல இருந்தது பங்கஜம் இல்லை. தையிலிருந்து வைகாசி வரைக்கும், முழுசா அஞ்சு மாசம், அதுல இருந்தது என் பேர். 'ரெங்கநாயகி! ஏ ரெங்கநாயகி! விசில் வந்துடுச்சா?'

நான்தான் ரெங்கநாயகி. குக்கர் ரிப்பேர். துறையூர், தபால் ஆபீஸ் சந்து, பச்சைக் கதவு.

சிரிப்பு வருதில்ல? பரவாயில்லை, சிரிங்க. ஊரே சிரிச்சாச்சு.

அந்தப் பேரை அவங்க என்னை நினைச்சு வைக்கலை. திருச்சியில உட்கார்ந்துக்கிட்டு எவனோ ஒருத்தன், பக்கத்துலதான் ஸ்ரீரங்கம் இருக்கே, ரெங்கநாயகின்னு வைப்போம்னு வச்சிருக்கான். அதுல ஒரு மாமியார்க்காரி திண்டாடிக்கிட்டு இருப்பா. மருமக அடுப்படியில நிப்பா. விசில் வராது. உடனே ஒரு ஆம்பளை வந்து கட்டைக் குரல்ல, 'விசில் வரலையா? பழசைத் தூக்கிப் போடுங்க! புதுசு வாங்குங்க!'ன்னு சொல்லி, ஒரு கம்பெனி பேரைச் சொல்லுவான். என்ன கம்பெனி? அது... மூணு தடவை சொல்லுவானே. உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இப்பதானே கேட்டீங்க! இல்லை பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியலை. எனக்கும் வாயில வரலை. அதை விடுங்க.

காலையில ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள்ள பதினோரு தடவை போடுவாங்க. நான் சுண்ணாம்புக் கட்டியால சுவத்துல கோடு கிழிச்சு எண்ணியிருக்கேன். ஞாயித்துக்கிழமை பதினாலு. 'அவ்வளவு எரிச்சலா இருந்தா ரேடியோவை நிறுத்த வேண்டியதுதானே'ன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். நிறுத்திட்டா எத்தனை தடவை போட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

நான் பட்ட பாட்டைக் கேளுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் பல்லைக் காட்டப் போனேன். அங்க சீட்டு வரிசையில பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. நர்ஸம்மா வந்து, 'ரெங்கநாயகி!'ன்னாங்க. அம்புட்டுதான். அங்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், கன்னம் வீங்கினவங்க, வாயில பஞ்சு வச்சவங்க எல்லாரும் சேர்ந்து, 'விசில் வந்துடுச்சா?'ன்னு கேட்டாங்க. பல்வலியோட சிரிக்க முடியும்னு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

பெருமாள் கோயில்ல அர்ச்சனைக்குக் குடுத்தேன். பேர் நட்சத்திரம் கேட்டார் பட்டர். 'ரெங்கநாயகி, உத்திரம்'னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. நல்ல மனுஷர். ஆனா மந்திரம் சொல்லும்போது உதடு ஒரு பக்கமாத் துடிச்சது. நான் பார்த்துட்டேன்.

எல்லாத்தையும்விட மோசம் பஸ்ஸுதான். கண்டக்டர் வாயில எப்பவும் விசில் இருக்கே! அதோ நிக்கிறாரே, இவர் பேர் மதியழகன். நான் படியில கால் வைப்பேன். 'அக்கா, விசில் வந்துடுச்சா?'ன்னு கேட்டுட்டு, 'இதோ வந்துடுச்சு!'ன்னு அவரே ஊதுவார். பஸ் முழுக்கச் சிரிக்கும். ஒவ்வொரு தடவையும் சிரிக்கும். பழகின சிரிப்பு பழசாகாது போலிருக்கு.

ஏன், இந்தக் கூத்துல விளம்பரத்துக்கு ஒரு பலனும் இல்லையான்னு கேட்பீங்க. இல்லைங்கிறேன். புதுசு வாங்குன்னுதானே அவன் சொன்னான்? ஒருத்தி வாங்கலையே! 'பழசைத் தூக்கிப் போடு'ன்னா நம்ம ஜனங்க போட்டுடுமா? கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் குடுத்த குக்கரைத் தூக்கிப் போடுவாளா ஒருத்தி? பழசைத் தூக்கிக்கிட்டு நேரா என் கடைக்குத்தான் வந்தாங்க.

ஆமா, அந்த அஞ்சு மாசம் கடையில நல்ல கூட்டம். அது வேற விஷயம். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. தை மாசம்தான் நான் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சேன். முந்தி சாம்பல் கலர்ல இருந்தது, சந்துல யார் கண்ணுக்கும் படாது. பச்சைன்னா பளிச்சுன்னு தெரியுமில்ல? தபால் ஆபீஸ் சந்துல திரும்பினவுடனே இடது கைப் பக்கம், பச்சைக் கதவு. அதான் காரணம். எங்க வீட்டுக்காரர்தான், 'கதவைப் பார்த்தா உப்பிலியபுரத்திலிருந்து வர்றாங்க? ரேடியோவைக் கேட்டுட்டு வர்றாங்கடி'ன்னார். நான் ரெண்டு நாள் அவர்கிட்டப் பேசலை.

உப்பிலியபுரத்து அம்மா ஒருத்தி வந்தா. இடுப்புல ஒரு குக்கர், கையில ஒரு குக்கர். 'ரேடியோவுல வர்ற ரெங்கநாயகி நீங்கதானே அக்கா?'ன்னா.

'நான் இல்லை'ன்னேன்.

'அதான் போர்டுல போட்டிருக்கே!'

'அது வேற ரெங்கநாயகிம்மா.'

அவ குக்கரைக் கீழ வச்சுட்டு என் பக்கத்துல வந்து, குரலைத் தாழ்த்தி, 'பாவம், இன்னும் வரலியேன்னு அவ்வளவு வேதனையாச் சொன்னீங்களே. இப்ப உங்க வீட்டுல விசில் ஒழுங்கா வருதா?'ன்னு கேட்டா.

'வருது'ன்னேன்.

'உங்க மாமியார்?'

'அவங்க போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு'ன்னேன். அவளுக்கு ஒரு நிம்மதி. ரெண்டு குக்கரையும் ரிப்பேருக்குக் குடுத்துட்டுப் போனா. அடுத்த வாரம் அவ ஊர்க்காரிங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தா. அது என் கைவேலைக்காக. உட்கார வைக்க இடமில்லாம ரெண்டாவதா ஒரு ஸ்டூல் வாங்கினேன்.

தொழிலைச் சொல்றேன் கேளுங்க, உங்களுக்கும் உபயோகப்படும். விசில் வரலைன்னு பத்து குக்கர் வந்தா, ஒன்பதுல ஒரு கோளாறும் இருக்காது. மூடியில ஆவி வர்ற குழாய் இருக்கில்ல, அதுல ஒரு பருப்போ சோத்துப் பருக்கையோ அடைச்சிருக்கும். ஒரு ஊசியை விட்டுக் குத்தினா போதும். மீதி ஒண்ணுக்கு கேஸ்கட் தளர்ந்திருக்கும். இது தொழில் ரகசியம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் ஒரே ஒருத்திகிட்டச் சொன்னேன், அனுபவிக்கிறேன். வர்றேன், அந்தக் கதைக்கும் வர்றேன்.

கடை நல்லாத்தான் நடந்தது. ஆனா மானம்னு ஒண்ணு இருக்கே டீச்சர்? பல்லாஸ்பத்திரிக்கு அப்புறம் எனக்கு ஆத்திரம் அடங்கலை. வைகாசியில ஒரு நாள் கடையைப் பூட்டிட்டு, இதே பஸ்ஸுல திருச்சிக்குப் போனேன். ரேடியோ ஸ்டேஷனுக்கே போயிட்டேன்.

அங்க குளுகுளுன்னு ஏசி. ஒரு சின்ன வயசு அதிகாரி, விளம்பரம் பார்க்கிறவராம், காபி குடுத்தார். நான் சொன்னதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டார். நான் பல்லாஸ்பத்திரிக் கதையைச் சொல்லும்போது மட்டும் பேனாவைக் கீழ வச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னார். இருமல் போல.

அப்புறம், 'மன்னிச்சுக்கங்க மேடம். பேரை மாத்திடறோம். அதே மாதிரி நம்ம பக்கத்துப் பேரா வேற ஒண்ணு நீங்களே சொல்லுங்களேன்'னார்.

நான், 'பங்கஜம்'னேன்.

வேணும்னே சொல்லலை டீச்சர். அந்த நேரத்துல வாயில வந்த பேர் அது. சத்தியமா. எங்க சந்து முனையில பங்கஜம் டைலர்ஸ்னு ஒரு கடை இருக்கு, தினமும் போர்டைப் பார்க்கிறதால வந்திருக்கலாம். அவ அதுக்கு முந்தின வாரம்தான் என் பட்டு ஜாக்கெட்டைக் கெடுத்து வச்சிருந்தா. அளவு ஜாக்கெட் குடுத்தும், கை தூக்க முடியாம தச்சிருந்தா. கேட்டதுக்கு, 'நீங்க கையைத் தூக்காம இருந்தா நல்லா இருக்குக்கா'ன்னா. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனி மாசம் ஒண்ணாந்தேதி காலையில ரேடியோவைப் போட்டேன். 'பங்கஜம்! ஏ பங்கஜம்!'

ஒரு வாரம் நான் சந்தோஷமா இருந்தேன். ஏன் பொய் சொல்லணும்? கடைக்குப் போகும்போது அவ வாசல் வழியா மெதுவா நடந்து போனேன். அவளும் கொஞ்சம் படட்டும்னு இல்லை. சும்மா, பார்க்கலாமேன்னு.

ஆனா அவ படலை டீச்சர்! அதான் எனக்குப் புரியவே இல்லை. ஸ்கூல் பிள்ளைங்க வாசல்ல நின்னு, 'பங்கஜம், விசில் வந்துடுச்சா?'ன்னு கத்துதுங்க. அவ மிஷினை நிறுத்திட்டு வெளிய வந்து, இடுப்புல கையை வச்சுக்கிட்டு, 'வந்துடுச்சு, வந்துடுச்சு! நாலு விசில்! சோறு குழைஞ்சே போச்சு, சாப்பிட வாங்க!'ன்னு திருப்பிக் கத்தறா. பிள்ளைங்களுக்கு அது இன்னும் குஷி. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறாங்க. கேட்டவங்கள்ல பாதிப் பேர் ஒரு ஜாக்கெட் துணியைக் குடுத்துட்டுப் போறாங்க. கூச்சம்னு ஒண்ணு மனுஷிக்கு வேணாம்?

அதோட நின்னிருந்தா பரவாயில்லை. ரெண்டாவது வாரம் குக்கர் வர ஆரம்பிச்சது. அவ கடைக்கு! தையக்கடைக்கு! 'ரேடியோவுல வர்ற பங்கஜம் நீங்கதானே?'ன்னு கேட்டுக் குக்கரை நீட்டறாங்க. அவ, 'அய்யய்யோ, நான் ஜாக்கெட் தைக்கிறவ. குக்கர்னா ரெங்கநாயகி அக்காதான். இப்படியே உள்ள போங்க, இடது கைப் பக்கம், பச்சைக் கதவு'ன்னு சொல்லி அனுப்பியிருக்கா.

சரிதானே, நல்லதுதானேன்னு எங்க வீட்டுக்காரரும் சொன்னார். எனக்கு அப்படித் தோணலை. முப்பது வருஷமா குக்கர் பார்க்கிறேன். ஒரு தையக்காரி சிபாரிசு பண்ணித்தான் எனக்கு ஆள் வரணுமா? வந்தவங்ககிட்ட, 'பங்கஜம் அனுப்பிச்சா இங்க எதுக்கு வர்றீங்க? பங்கஜத்துக்கிட்டயே குடுங்க!'ன்னு சொன்னேன். கோபத்துல சொல்றதுதான். ஒரு நாலஞ்சு பேர்கிட்டச் சொல்லியிருப்பேன். சரி, ஒரு இருபது பேர்.

திரும்பிப் போய் அவகிட்டயே குடுத்துட்டாங்க.

அவ என்ன பண்ணுவா? போன வருஷம் தீபாவளி சமயத்துல, அவ கடையில ஜாக்கெட்டுக்குக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தப்ப, பொழுது போகாம நான் அவகிட்ட அந்த ஊசி விஷயத்தைச் சொல்லியிருந்தேன். ஊசிக்கா பஞ்சம், டீச்சர், தையக்கடையில? குத்தறா, விசில் வருது! கேஸ்கட் மட்டும் திருச்சியிலிருந்து வாங்கி வச்சிருக்கா. நீங்க போய்ப் பார்க்கணும். ஒரு பக்கம் உள்பாவாடை நாடா, ஒரு பக்கம் ஜிப்பு, நடுவுல சைஸ் வாரியா கேஸ்கட்டை நூல்ல கோத்துத் தொங்க விட்டிருக்கா. போர்டுல 'பங்கஜம் டைலர்ஸ்'னு இருக்கே, அதுக்குக் கீழ புதுசா எழுதியிருக்கா: 'விசில் வரும்.' ரெண்டே வார்த்தை.

என் கடையில இப்ப ரெண்டாவது ஸ்டூல்ல ஒரு பூனை படுத்துக்குது. போன வாரம் முழுக்க ஒரே ஒரு குக்கர்தான் வந்தது. அதுவும் எங்க நாத்தனார் குக்கர்.

இதுக்குக் காரணம் விளம்பரமான்னா, இல்லைன்னுதான் சொல்வேன். பச்சைப் பெயிண்ட் வெளுத்துப் போச்சு. புரட்டாசி மழையில ஒரு பக்கம் உரிஞ்சும் போச்சு. திரும்ப அடிச்சேன், போன மாசம். இன்னும் அடர்த்தியான பச்சை. வரலை. பெயிண்ட் காயணும் போலிருக்கு.

தீபாவளிக்கு இருபது நாள்கூட இல்லை. குக்கர் வேலைக்கு இதுதான் அறுவடைக் காலம். இந்தத் தீபாவளியும் அவகிட்டப் போயிட்டா, பொங்கலுக்கு நான் கடையைத் திறக்க வேண்டியதே இல்லை. வீட்டுக்காரர் சொல்லிட்டார், 'வாடகை இடத்தை விட்டுட்டு வீட்டு வாசல்லயே ஒரு பலகை போட்டுக்கோ'ன்னு. முப்பது வருஷக் கடை டீச்சர். அவர் மில்லுல வேலை இல்லாம இருந்தப்ப, நான் ஒத்தையா ஆரம்பிச்ச கடை. போர்டுல என் பேர் இருக்கு. புருஷன் பேர் இல்லை, சாமி பேர் இல்லை, என் பேர்.

அதனால இன்னிக்குத் திரும்ப ரேடியோ ஸ்டேஷனுக்குப் போறேன்.

இல்லை இல்லை, எனக்காகப் போகலை! நீங்களும் எங்க வீட்டுக்காரர் மாதிரியே பார்க்கிறீங்களே. பங்கஜத்துக்காகப் போறேன். அவளுக்கு பிரஷர் இருக்கு, குக்கர் பிரஷர் இல்லை, நிஜ பிரஷர். மாத்திரை சாப்பிடறா. பகல் முழுக்கத் தையல், நடுநடுவுல குக்கர், வாசல்ல பிள்ளைங்க கூச்சல். எப்படித் தாங்கும் உடம்பு? பாவம், அவ வெளிய சிரிக்கிறா. உள்ளுக்குள்ள என்ன வேதனையோ. அந்த வேதனை எனக்குத்தானே தெரியும்? நான் அஞ்சு மாசம் பட்டவ. எனக்குப் பழகிடுச்சு. அதனால, 'ஐயா, அந்தப் பிள்ளையை விட்டுடுங்க. திரும்ப என் பேரையே போட்டுக்கங்க. நான் தாங்கிக்கிறேன்'னு சொல்லப் போறேன். மனுவா எழுதி வச்சிருக்கேன். வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்தார். எழுதும்போது அவருக்கும் அந்த இருமல் வந்தது.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த மருமகளா பேசற பொண்ணு குரல் சரியில்லை. 'இன்னும் வரலியே, அத்தை'ன்னு ஐஸ்க்ரீம் கேட்கிற மாதிரி சொல்றா. அடுப்புல பருப்பை வச்சுட்டு, எட்டு மணிக்கு ஆபீஸ் போற புருஷனை வச்சுக்கிட்டு நிக்கிறவ அப்படியா சொல்வா? அடிவயித்திலிருந்து வரணும். வேணும்னா நானே பேசித் தர்றேன்னு சொல்லப் போறேன். காசு வேணாம். வீட்டுல சொல்லிப் பார்த்தேன், நல்லா வருது. கேட்கறீங்களா? கொஞ்சம் சத்தமா வரும், காதைப் பொத்திக்கங்க.

'இன்னும்... வரலியே... அத்தே!'

பார்த்தீங்களா! பஸ்ஸே திரும்பிப் பார்க்குது. மதியழகா, என்னப்பா சிரிக்கிறே? ஊது, ஊது, உன் விசிலை! இந்தத் தம்பி நாலு மாசமா என்னை ஒரு வார்த்தை கேட்கலை டீச்சர். நான் ஏறுவேன், டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் பேசாமப் போயிடுவார். சந்து முனையில பங்கஜம் ஏறினா மட்டும், 'விசில் வந்துடுச்சா அக்கா?' இன்னிக்குத்தான் எனக்காக ஊதறார். ஊதட்டும்.

எந்த இடம் இது, மண்ணச்சநல்லூர் தாண்டிடுச்சா? நான் டோல்கேட்டுல இறங்கி வேற பஸ் மாறணும். நீங்க சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவீங்களா? சரி.

அந்த ரேடியோ ஸ்டேஷன் தம்பி ஒத்துக்குவாரா டீச்சர்? ஒத்துக்கலைன்னா? அந்தக் கம்பெனிக்கே போகலாம்னா, பேரே தெரியலையே. சூரியான்னாங்க ஒருத்தங்க. சுகுணான்னாங்க ஒருத்தங்க. அஞ்சு மாசம் என் பேரோட சேர்ந்து அதையும்தான் மூணு தடவை மூணு தடவை சொன்னான். யாருக்காவது நின்னுச்சா? அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்றேன், விளம்பரத்தால ஒண்ணும் ஆகாதுன்னு. நீங்களும் ஆமாங்கற மாதிரி தலையை ஆட்டறீங்களே தவிர, நம்பின மாதிரி தெரியலை.

கொஞ்சம் வழி விடுங்க, டோல்கேட் வந்துடுச்சு. அந்தப் பையை எடுத்துக் குடுங்க. ஆங், அதான்.

உங்க வீட்டுக் குக்கர் எப்படி இருக்கு? ஆவி பக்கவாட்டுல போகுதா? அப்படின்னா கேஸ்கட்தான். எடுத்துக்கிட்டு வாங்க. வழி தெரியுமில்ல? எங்க, சொல்லுங்க பார்ப்போம்.

ஆங்... தபால் ஆபீஸ் சந்து... இடது கைப் பக்கம்... சொல்லுங்க, சொல்லுங்க... பச்சைக் கதவு! பேர்? அதானே!

பார்த்தீங்களா டீச்சர்? ஒரு தடவைதான் சொன்னேன், அப்படியே மனசுல நின்னுடுச்சு. நல்ல கடைக்கு எதுக்குங்க விளம்பரம்?